ஒரு ரூபாய் பாக்கி

"ஆளுயரத்துக்கு ஒரு பிளைவுட் பெட்டி வேணும். நடுவுல டி.வி. உட்கார்ற மாதிரி!" என்றேன், ஏழாயிரம்பண்ணை ஆசாரியிடம்.

"சாமி ரூமுக்கா தம்பி?"

"இல்லண்ணே, வீடியோ கேமுக்கு."

இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார் மனிதர்!

பெட்டிக்குள் உள்ளங்கை அகல ராஸ்பெரி பை கம்ப்யூட்டர். அதில் 'மேம்' எமுலேட்டர். 1997-ல் நிகோலா சல்மோரியா என்ற இத்தாலிக்காரர் ஆரம்பித்து வைத்தது. பழைய மெஷினின் சிப்புகள் செய்ததை அப்படியே நடித்துக் காட்டும். 1980-ல் வந்த 'பேக்-மேன்' 256-வது கட்டத்தில் பாதித் திரை குழம்பிப் போகும். அந்தத் தப்பையும் திருத்தாமல் காட்டும். அவ்வளவு விசுவாசமான குமாஸ்தா!

காசு விழாமல் ஆட்டம் கிடையாது என்பதையும் மறக்காது. கீ-போர்டில் 5-ஐ அமுக்கினால் காசு போட்டதாகக் கணக்கு. பி.காம். படித்தவனுக்கு வயிறு கலங்காதா ஸார்? பணமே வராமல் வரவு எழுதுவதா!

பள்ளி நாளில் அப்பாவின் சட்டைப்பையில் ஒரு ரூபாய் எடுத்து, சாத்தூரில் கேம் ஆடி, முதுகில் வாங்கியவன் நான். தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் ஒரு ரூபாய் என்ன என்பது அப்போது தெரியாது.

பெட்டியைச் சுற்றி வந்தார் அப்பா. "காசு எங்கடா போடணும்?"

"வேண்டாம்ப்பா. பொத்தானை அமுக்கினா போதும்."

ஒன்றும் பேசாமல் ஆடினார். மூன்று உயிரும் போச்சு.

மறுநாள் அவர் சட்டைப்பையில் ஒரு ரூபாயைப் போட்டு வைத்தேன். சாயங்காலம் கேட்டார்:

"வட்டி எங்கடா?"