உப்புக்கு மதிப்புரை எழுதுவது யார்?

தூத்துக்குடி உப்பளத்துக்கு வெளியிலிருந்து வந்து, பார்த்துக் கேட்டு, ராஜம் கிருஷ்ணன் எழுதிய நாவல் ‘கரிப்பு மணிகள்’ (1979). ஸ்ரீதர கணேசனின் ‘உப்பு வயல்’ இந்த மண்ணின் தலித் குரல். ஆ. சிவசுப்பிரமணியனின் ‘உப்பிட்டவரை’ உப்பின் பண்பாட்டு வரலாறு. தோணியும் கப்பலுமாக விரியும் ஜோ டி குருஸின் ‘கொற்கை’, 2013இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது.

நம்ம மதிப்புரைக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? நாவல் ஒரு அலமாரி, ஆய்வு ஒரு அலமாரி, தலித் எழுத்துக்குத் தனிச் சேரி! நாலையும் சேர்த்து வாசித்தால்தானே, ஒரே கடல்தண்ணி யாருக்கு லாபமாச்சு, யாருக்குக் கால்புண்ணாச்சுன்னு தெரியும்?

வங்கியில் என் முன்னால் கைநாட்டு வைக்கும் அளத்துக்காரம்மாவுக்கு ரேகை விழுவதில்லை. உப்பு தின்றுவிட்டது. ‘கலையாகியிருக்கிறதா?’ என்று கேட்பவர்களே, அந்த விரலையும் கொஞ்சம் வாசியுங்கள்.