பணம் கட்டிப் பயிற்சியா?

பிள்ளையை இயந்திரவியல் படிக்க வைத்த சிறு விவசாயிகளுக்கு இப்போது இன்னொரு செலவு வந்து நிற்கிறது. ரோபோத் துறையில் பயிற்சி பெறப் பணம் கட்ட வேண்டுமாம். கறவை மாட்டை விற்றாவது கட்டிவிடலாம் என்று அவசரப்பட வேண்டாம்.

1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி பழகுநராகச் சேர்ந்தால் ஆலைதான் மாதந்தோறும் உதவித்தொகை தர வேண்டும். அதில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கிறது. கல்லூரி விடுமுறையில் செய்யும் குறும்பயிற்சி வேறு. அதற்கு உதவித்தொகை கிடைக்காமல் போகலாம். அதற்காகக் கைப்பணத்தைக் கொட்டுவானேன்?

ரோபோ என்றதும் எல்லாம் கம்ப்யூட்டர் என்று மலைக்கிறார்கள். கார் ஆலையில் வெல்டிங் செய்யும் ரோபோக் கையைப் பிரித்துப் பார்த்தால் மோட்டார், பல்சக்கரம், பேரிங், கிரீஸ். மூட்டுப் பல்சக்கரம் தேய்ந்து சற்றே ஆட்டம் கண்டாலும் கையின் நுனி இடம் தவறும்; வெல்டிங் தப்பும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது இயந்திரவியல் படித்தவர் வேலை. பம்புசெட்டைக் கழற்றிப் பூட்டிய கைக்கு இது அந்நியமல்ல. (லீவு நாளில் கிணற்றடிக்குக் கூப்பிட்டது வீண்போகவில்லை!)

சேருமுன் ஒன்றைக் கேட்டறிய வேண்டும். ஓடும் ரோபோவைச் சுற்றி வேலி இருப்பது பாதுகாப்புக்காக. அதில் குறை சொல்ல முடியாது. பராமரிப்புக்காக நிறுத்தும்போதாவது பிள்ளையை உள்ளே அழைத்து, ஸ்பானரைக் கையில் கொடுப்பார்களா?