'என்னவோ பண்ணுது' என்று அவர் சொன்ன நேரம்

2013-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஸ்டெஃபனி ஆர்னால்ட் என்ற கர்ப்பிணி, பார்க்கிற மருத்துவரிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: குழந்தை பிழைத்துவிடும், தான் பிழைக்கப்போவதில்லை. நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்த நாளில் தொடங்கிய பயம் அது. பலரும் தைரியம் சொல்லி அனுப்பினார்கள். மயக்கவியல் மருத்துவர் ஒருவர் மட்டும் அதோடு விடாமல் கேஸ் ஷீட்டில் குறிப்பு எழுதி, அறுவை அரங்கில் கூடுதல் ரத்தமும் உயிர்மீட்புக் கருவிகளும் தயாராக இருக்க ஏற்பாடு செய்தார். சிசேரியனில் குழந்தையை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே பனிக்குட நீர் எம்போலிசம் வந்து தாயின் இதயம் நின்றது. 37 நொடிகள். பிழைத்து எழுந்தவர் பின்னாளில் எழுதிய புத்தகத்துக்கு அந்த நொடிக் கணக்கையே தலைப்பாக வைத்தார்.

மயக்கத்தில் கிடந்தபோதே அரங்கில் நடந்ததையெல்லாம் தான் பார்த்ததாகவும் அவர் சொல்கிறார். நம்புகிறவர்கள் நம்பட்டும்; இந்த இதழுக்கு அதில் வேலை இல்லை. பயந்த தாய்மார்களில் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கவனிக்க வேண்டியது அந்த மயக்கவியல் மருத்துவர் செய்த காரியத்தை. கீழிறங்கிய நஞ்சுக்கொடிக்குக் கூடுதல் ரத்தம் கேட்டு வைப்பது எப்படியும் நியாயமான முன்னேற்பாடுதான். அந்தப் பெண்ணின் பேச்சை அவர் ஜோதிடமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, புலம்பலாகவும் தள்ளவில்லை. ஒரு மருத்துவத் தகவலாகப் பதிவு செய்தார்.

நம் லேபர் வார்டுகளில் இந்தத் தகவல் வேறு உருவில் வருகிறது. 'என்னவோ பண்ணுது சிஸ்டர்.' 'படபடன்னு வருது.' 'தண்ணி குடுங்க, நாக்கு வறளுது.' நாடித்துடிப்பு எழுதப்படுகிறது, ரத்த அழுத்தம் எழுதப்படுகிறது. இந்தப் பேச்சு எழுதப்படுவதில்லை. மிஞ்சிப்போனால் 'நோயாளி பதற்றமாக உள்ளார்' என்று ஒரு வரி விழும், அதுவும் நேரம் போடாமல்.

உடலியங்கியல் இந்தப் பேச்சுக்கு ஆதரவாகவே இருக்கிறது. நிறைமாதத்தில் ரத்தக் கொள்ளளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடியிருக்கும். இளம் வயது, நல்ல இதயம். ரத்தம் போகப் போக நாளங்கள் இறுகி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. சிஸ்டாலிக் அளவு 90-க்குக் கீழே இறங்கும்போது இழப்பு ஏற்கெனவே ஒன்றரை லிட்டரைத் தாண்டியிருக்கலாம். கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிக்கு மேல் ரத்தம் பாயும் காலம் அது. 'இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்' என்பதன் விலையை அதைக்கொண்டு கணக்கிடலாம். அழுத்தம் சரிவதற்கு முன்னால் நாடி ஏறுகிறது. ஏறக்குறைய அதே வேளையில் தாகம், தவிப்பு, இனம்புரியாத பயம் எல்லாம் வந்துவிடுகின்றன. ரத்த ஓட்டம் குறைவதை மூளை உணர்வதன் அடையாளம் அது. வாயால் சொல்லப்படுவதாலேயே அதை அறிகுறிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது.

இன்னும் குறிப்பான பேச்சுகளும் உண்டு. குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் கழித்து 'வெளிக்கு வர்ற மாதிரியே இருக்கு' என்கிறார் ஒரு தாய். 'இப்பதானே புள்ள பெத்திருக்கே, அப்படித்தான் இருக்கும்' என்று பதில் கிடைக்கிறது. நாப்கினில் ரத்தம் இல்லை; கருப்பையும் நன்றாக இறுகியிருக்கிறது. மலக்குடலை அழுத்தும் அந்த உணர்வு, யோனிச் சுவரை ஒட்டித் தேங்கும் ரத்தக்கட்டியின் பாடப்புத்தக அடையாளம். அதேபோல நிறைமாதத்தில் 'நெஞ்சுக்குழியில வலிக்குது' என்பவருக்கு அமிலக் குறைப்பு மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொல்லும்போது, கல்லீரல் வீங்கித் தட்டணுக்கள் சரிந்துகொண்டிருக்கலாம். ஹெல்ப் நோய்த்தொகுப்பு பல நேரம் அல்சர் வேடத்தில்தான் வார்டுக்குள் நுழைகிறது.

உலகமே அறிந்த பெண்ணாக இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2017 செப்டம்பர் 1 அன்று சிசேரியனில் மகள் பிறந்தாள். மறுநாள் மூச்சு முட்டியது. 2011-இலேயே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து மீண்டவர் என்பதால் இன்னதென்று அவருக்குப் புரிந்துவிட்டது. சிடி ஸ்கேன் எடுங்கள், ஹெப்பாரின் தொடங்குங்கள் என்று அவரே கேட்டார். வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று முதலில் நினைத்தார்கள். காலில் அல்ட்ராசவுண்ட் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகு எடுத்த சிடி ஸ்கேனில் நுரையீரலில் கட்டிகள். இருமலில் தையல் பிரிந்தது, வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியது, மறுபடி அறுவை அரங்கு. நோயைத் தானே கண்டுபிடித்து, மருந்தின் பெயரோடு சொன்ன ஒருவருக்கே இந்தப் பாடு. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண், சுற்றி நிற்பவர்கள் எல்லாம் தன்னைவிடப் படித்தவர்கள் என்ற கூச்சத்தில், எத்தனை முறை வாய் திறப்பார்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020-இல் 'அவள் சொல்வதைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஓர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது.

கேட்டால் போதுமா, அளக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. கட்டாயம் அளக்க வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த 'இ-மோட்டிவ்' ஆய்வு 2023-இல் வெளியானது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். கண்மதிப்பை நம்பிய இடங்களில் உதிரப்போக்கு ஏறத்தாழ பாதிப்பேரிடம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அளவுக்கோடிட்ட விரிப்பைப் பயன்படுத்திய இடங்களில் 93 சதவீதம் பிடிபட்டது. கருப்பையைத் தேய்த்துவிடுதல், ஆக்சிடோசின், டிரான்எக்ஸாமிக் அமிலம், சிரைவழித் திரவம், பரிசோதனை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்காமல் ஒரே மூச்சில் கொடுத்ததில், கடும் விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. இத்தகைய விரிப்பு நமக்குப் புதிதும் அல்ல. கர்நாடகத்தின் பெலகாவி கிராமங்களில் துணைச் செவிலியர்கள் பார்த்த பிரசவங்களில் மிசோப்ரோஸ்டால் மாத்திரையைச் சோதித்த ஆய்வில் அது பயன்பட்டது. 2006-இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது.

சிந்திய ரத்தம் கண்மதிப்பிலிருந்து அளவுப்பைக்கு வந்திருக்கிறது. தாயின் பேச்சோ இன்னும் காற்றில்தான் போகிறது. அதையும் தாளில் ஏற்றலாம்: அவர் சொன்ன சொற்கள், சொன்ன நேரம், கேட்டவரின் பெயர். அரை நிமிட வேலை. விரிப்பில் 300 மில்லிதான் இருக்கிறது, ஆனால் தாய் தவிக்கிறார் என்றால், வெளியே தெரியாத ரத்தத்தைத் தேடச் சொல்வது அந்தக் குறிப்புதான்.

இதற்கு இடம் ஒதுக்கச் சரியான படிவம் நம் கையிலேயே இருக்கிறது. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ அதன்பின் 42 நாட்களுக்குள்ளோ சாவின் விளிம்புவரை போய் மீண்ட பெண்களை அடையாளம் காண உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அளவுகோல்களை வகுத்தது. ஐந்து யூனிட்டோ அதற்கு மேலோ ரத்தம் ஏற்றியது, தட்டணு 50,000-க்குக் கீழ், உதிரப்போக்கால் கருப்பை அகற்றியது, இதயம் நின்றது என்று பட்டியல் போகும். நடுவண் சுகாதார அமைச்சகம் 2014-இல் இத்தகைய நிகழ்வுகளை ஆய்வு செய்யத் தனி வழிகாட்டுதலே கொண்டுவந்தது. அதன் படிவம் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை அவரவர் மருத்துவமனைப் பதிவேட்டைத் திறந்தால் தெரியும்.

தமிழ்நாட்டில் தாய் இறப்பு ஒவ்வொன்றும் ஆராயப்படுகிறது. அதன் பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2007–09-இல் 97 ஆக இருந்த இறப்பு, 2018–20-இல் 54 ஆனது. ஆனால் இறப்பு குறையக் குறைய ஆய்வுக் கூட்டமும் குறைகிறது. ஒரு தாலுகா மருத்துவமனையில் ஆண்டு முழுதும் ஓர் இறப்புகூட நிகழாமல் போகலாம். அதே ஆண்டில் மயிரிழையில் தப்பியவர்கள் அங்கே எத்தனை பேர்? அவர்களைப் பற்றிப் பேச எந்தக் கூட்டமும் கூடுவதில்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்லும் அச்சம் தப்பியவர்களைப் பற்றிய ஆய்வில் இல்லாததால், உண்மை பேசவும் இதுவே வசதியான இடம். இறந்தவரின் வீட்டுக்குப் போய் உறவினரிடம் கேட்டறிய வேண்டியதை, இங்கே பிழைத்தவரிடமே கேட்கலாம்.

எப்படிக் கேட்பது? சிகிச்சை தந்தவரே கேட்கக்கூடாது. 'நல்லாத்தான் பாத்தாங்க' என்ற பதில்தான் வரும். மாமியாரையும் கணவரையும் சற்று வெளியே இருக்கச் சொல்ல வேண்டும். கேள்விகள் நீள வேண்டாம். முதலில் என்ன தோன்றியது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார்? பிரசவத் துணையாக உள்ளே இருந்த அம்மாவிடமோ அக்காவிடமோ தனியாக இதையே கேட்கலாம். அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஆள் இருக்க அனுமதித்ததில் தமிழ்நாடு முன்னோடி. ஆறுதலுக்கு என்று உள்ளே விட்ட அந்தப் பெண், 'பொண்ணு மொகமே சரியில்லீங்க' என்று முதலில் சொல்பவராகவும் இருக்கிறார். அவரை வராந்தாவுக்கு அனுப்பும் வழக்கம் சில இடங்களில் மெல்லத் திரும்புவது நல்லதல்ல.

பிழைத்தவரின் கதை டிஸ்சார்ஜோடு முடிவதும் இல்லை. பிரசவத்துக்குப் பின்னான மனவடு நோய் பொதுவாகத் தாய்மார்களில் 4 சதவீதம் பேரிடமும், சிக்கலான பிரசவங்களைக் கடந்தவர்கள் போன்ற பிரிவினரில் 18 சதவீதத்துக்கு மேலும் காணப்படுவதாக 2017-இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. தூக்கமின்மை, குழந்தையைத் தூக்க மறுப்பது, மருத்துவமனைப் பக்கமே வராமல் இருப்பது எல்லாம் அதன் முகங்கள். உடலிலும் ஒன்று ஒளிந்திருக்கலாம். பெரும் உதிரப்போக்கில் பிட்யூட்டரி சுரப்பி கருகிப்போவதை ஹரோல்ட் ஷீஹன் 1937-இல் விவரித்தார். முதல் அடையாளம் பால் சுரக்காதது, பிறகு மாதவிலக்கு வராதது, ஓயாத அசதி. 'பாலே வரலைங்க' என்பவருக்குப் பூண்டும் பால்சுறாவும் சொல்லி அனுப்பிவிட்டு, பல ஆண்டுகள் கழித்து அவர் மயங்கி விழுந்தபின் கார்டிசால் பார்ப்பது இன்றும் நடக்கிறது.

எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ரத்தம் ஏற்றப்பட்டது' என்று மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு ரத்தம் போனது, எதனால், என்ன செய்யப்பட்டது, அடுத்த கர்ப்பத்தில் எங்கே பதிய வேண்டும் என்பவை தமிழில், அவர் படித்தால் புரியும்படி இருக்க வேண்டும். நேர்காணலுக்கு வசதியான நாள் குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசி நாள். தன் உடம்புக்காக வராத தாயும் அன்று பிள்ளைக்காக வந்துவிடுவார். தடுப்பூசி போட்டபின் அரை மணி நேரம் எப்படியும் காத்திருக்கத்தான் போகிறார். அந்த நேரத்துக்குள் படிவத்தை நிரப்பிவிடலாம், அவருடைய ஹீமோகுளோபினையும் பார்த்துவிடலாம்.