'ரிக்வெஸ்ட்'னு வந்தா அது வேண்டுகோளா, உத்தரவா? ஆபீஸ் ஆங்கிலத்தில் ஒளிந்திருக்கும் கட்டாயம்

'யூ மே வான்ட் டு டேக் எ லுக் அட் திஸ்.' மேனேஜரிடமிருந்து இப்படி ஒரு மெயில் வருகிறது. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால், 'விருப்பம் இருந்தா பாருங்க' என்பதுதான். ஆனால் பல அலுவலகங்களில் அதற்கு உண்மையான அர்த்தம், 'இன்னிக்குள்ள முடிச்சிடுங்க'.

இது புரிந்தவர் வேலையை முடித்துவிடுகிறார். புரியாதவர் 'நேரம் கிடைச்சா பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார். அப்ரைசலில் அவருக்குக் கிடைப்பது, 'சொல்லியும் செய்யல' என்ற பெயர். இரண்டு பேருக்கும் வேலை தெரியும். வித்தியாசம், ஒரு சொல்லின் எடை தெரிவதில் மட்டும்தான்.

ஒரே குடும்பம், வேற வேற குணம்

பள்ளிக்கூடத்தில் 'ஆஸ்க் என்றால் கேள்' என்று படித்ததோடு பலருக்கும் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் கேட்பதற்கு ஒரு ஏணியே இருக்கிறது.

* ஆஸ்க்: சாதாரணமாகக் கேட்பது. நண்பரிடமும் கேட்கலாம், சி.இ.ஓ-விடமும் கேட்கலாம்.

* ரிக்வெஸ்ட்: மரியாதையாகக் கேட்பது. எதிரில் இருப்பவர் மறுக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை. ஆனால் 'ஆல் எம்ப்ளாயீஸ் ஆர் ரிக்வெஸ்டட் டு...' என்று ஹெச்.ஆர் சர்க்குலர் வந்தால், மறுக்கும் வாய்ப்பு அங்கே கிடையாது.

* ரிக்வயர்: செய்தே ஆக வேண்டும். பெரும்பாலும் இதைச் சொல்வது ஒரு ஆள் அல்ல, ஒரு விதி. அதனால்தான் விசா படிவத்திலும் வேலை விளம்பரத்திலும் இந்தச் சொல் அடிக்கடி வரும்.

* டிமாண்ட்: 'எனக்கு உரிமை இருக்கு, கொடு' என்று கேட்பது. செக் பவுன்ஸ் ஆனால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 30 நாள்களுக்குள் பணத்தைக் கேட்டு எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு அதற்குப் பயன்படுத்தும் சொல் 'டிமாண்ட்'. நோட்டீஸ் கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் வராவிட்டால், விஷயம் கோர்ட்டுக்குப் போகலாம். இப்படிப்பட்ட சொல்லை லீவு லெட்டரில் போட்டால் எப்படி இருக்கும்?

* இன்சிஸ்ட்: எதிர்ப்போ தயக்கமோ வந்த பிறகும் விடாமல் பிடித்து நிற்பது. ஹோட்டலில் பில்லைப் பிடுங்கிக்கொண்டு 'ஐ இன்சிஸ்ட்' என்றால் அது அன்பு. கிளையன்ட் அதையே மெயிலில் எழுதினால், பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ரிக்வெஸ்ட், ரிக்வயர் இரண்டுமே 'தேடு' என்று பொருள்படும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. ஒன்று கெஞ்சப் போனது, இன்னொன்று சட்டம் பேசப் போனது. 'டிமாண்ட்' கதை இன்னும் வேடிக்கை. பிரெஞ்சில் 'தமாந்தே' என்றால் இன்றைக்கும் சாதாரணமாகக் 'கேட்பது'தான். கோபமும் உரிமையும் பிறகு ஒட்டிக்கொண்டவை.

தமிழில் எடை எங்கே இருக்கு?

தமிழில் இந்த நுணுக்கம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. ஆனால் இருக்கும் இடம் வேறு. 'வா', 'வாங்க', 'வரணும்', 'வந்துடு', 'வரலாமே', 'வந்தா நல்லா இருக்கும்'. வினைச்சொல் ஒன்றுதான், வால் மாற மாற எடையும் மாறுகிறது. மீதியைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

'கேள்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வினவுவதும் கேட்பதுதான், உதவி நாடுவதும் கேட்பதுதான், காதில் வாங்குவதும் கேட்பதுதான். 'சொன்னா கேக்கவே மாட்டான்' என்று அம்மா திட்டினால், அது கீழ்ப்படிவதைப் பற்றியது.

செய்தித் தமிழிலும் இதே கதைதான். பஸ் ஸ்டாப்பில் நிழற்குடை கேட்டு ஊர்மக்கள் கொடுக்கும் மனுவும் 'கோரிக்கை', தொழிற்சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கையோடு வைப்பதும் 'கோரிக்கை'. சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி கேட்கும் 'டிமாண்ட் ஃபார் கிரான்ட்ஸ்' கூட 'மானியக் கோரிக்கை'தான். இந்தப் பழக்கத்தோடு ஆங்கில மெயில் எழுதும்போதுதான் 'ஐ டிமாண்ட் டூ டேஸ் லீவ்' என்று கை தவறுகிறது. எழுதியவர் மனதில் பணிவு, படிப்பவர் கண்ணுக்குச் சண்டை.

ஒரு சொல்லுக்காகத் தடுமாறிய பாரிஸ்

'ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பில்டப்பா?' என்று தோன்றலாம். 2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் காலநிலை மாநாட்டின் கடைசி மணி நேரங்களில் நடந்தது இதற்குப் பதில்.

இறுதி வரைவின் 4.4-வது பிரிவில், வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைப்பதில் தொடர்ந்து முன்னிலை வகிப்பது பற்றி 'ஷல்' என்ற சொல் இருந்தது. சட்டமொழியில் 'ஷல்' என்றால் கட்டாயம். அதை அமெரிக்கா ஏற்கவில்லை. சட்டபூர்வமாகப் புதிய கடமை வந்தால், ஒப்பந்தம் செனட் ஒப்புதலுக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே தேறாது என்பதுதான் அச்சம். கூட்டம் தாமதமானது. கடைசியில் 'ஷல்' என்பது 'ஷுட்' ஆனது. எழுத்துப் பிழைத் திருத்தங்களோடு சேர்த்து இதையும் வாசித்தார்கள், ஒப்பந்தம் நிறைவேறியது. 'செய்தாக வேண்டும்' என்பது 'செய்வது நல்லது' என்று மாறியதற்கு ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

இன்ஜினீயர்கள் கண்டுபிடித்த வழி

இந்தக் குழப்பத்தை நேர்மையாகத் தீர்க்கப் பார்த்தவர்கள் இன்டர்நெட்டைக் கட்டியவர்கள். அதன் தொழில்நுட்ப விதிகள் 1969 முதல் 'ரிக்வெஸ்ட் ஃபார் காமென்ட்ஸ்', சுருக்கமாக ஆர்எஃப்சி என்ற பெயரில் வருகின்றன. பெயர் என்னவோ 'கருத்துச் சொல்லுங்க' என்ற பணிவான வேண்டுகோள்தான். ஆனால் பல ஆர்எஃப்சி-க்களைப் பின்பற்றாவிட்டால் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளவே முடியாது.

அதனால் 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 வந்தது. அதன் வேலையே சொற்களின் எடையை வரையறுப்பது. 'மஸ்ட்' என்றால் விதிவிலக்கே கிடையாது. 'ஷுட்' என்றால், நியாயமான காரணம் இருந்தால் விலகலாம், ஆனால் விளைவை முழுசா யோசித்துவிட்டு. 'மே' என்றால் உண்மையிலேயே உங்கள் விருப்பம். 2013 ஏப்ரல் 1-ம் தேதி வந்த ஆர்எஃப்சி 6919 இதையே கிண்டலடித்தது. அதில் 'கட்டாயம் செய்யணும், ஆனா நீங்க செய்ய மாட்டீங்கன்னு தெரியும்' என்றுகூட ஒரு வகை உண்டு!

யார் மாறணும்?

'ஜூனியர்கள் ஆங்கிலத்தை ஒழுங்கா கத்துக்கணும்' என்பதுதான் வழக்கமான அறிவுரை. அது பாதிதான் சரி. ஒளித்துப் பேசும் ஆங்கிலம், அதே பாஷை பேசும் வீட்டிலும் பள்ளியிலும் வளர்ந்தவர்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, முதல் தலைமுறையாக ஐ.டி வேலைக்கு வந்தவருக்கு அது எழுதப்படாத ஒரு தேர்வு. சிலபஸ் கிடையாது, மார்க் மட்டும் உண்டு.

எனவே பொறுப்பு முதலில் கேட்பவருக்குத்தான். கட்டாயம் என்றால் கட்டாயம் என்று எழுதுங்கள். எப்போதைக்குள் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். 'ப்ளீஸ் சென்ட் இட் பை 5 பி.எம். டுடே' என்பதில் மரியாதையும் இருக்கிறது, தெளிவும் இருக்கிறது. 'மே', 'மைட்' போட்டு உத்தரவு கொடுத்துவிட்டு, பிறகு 'அப்பவே சொன்னேனே' என்பது நாகரிகம் ஆகாது.

பெறுபவருக்கும் ஒரு வழி உண்டு. சந்தேகம் வந்தால், 'இது இன்னிக்கே முடிக்கணுமா, இல்ல இந்த வாரத்துக்குள்ள போதுமா?' என்று ஒரு வரியில் கேட்டுவிடலாம். பதில் எழுத்தில் வந்தால், அப்ரைசலில் யாரும் யாருடைய மனதையும் ஊகிக்க வேண்டியிருக்காது.