சக்கரம் சுழன்ற பிறகு ‘லாக்’ போடலாமா?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கர்நாடகத்தில் லாரித் தொழிலை நம்பியிருக்கும் தமிழர்களுக்குக் கவலையும் தொடங்கிவிடுகிறது. தார் ரோட்டில் வண்டி ஓட்டுவதில் நம்மவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ரோட்டை விட்டு இறங்கிய பிறகுதான் சங்கடம். கல் குவாரிக்குப் போகும் பாதை, ஏரி தூர் வாரும் இடம், அஸ்திவாரம் தோண்டிய மனை, குடகிலும் சிக்கமகளூரிலும் காபித் தோட்டத்துக்குள் போகும் சரிவுப் பாதை, இங்கெல்லாம் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், பத்துச் சக்கர டிப்பரும் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும் போர்வெல் லாரிகளின் பாடு இன்னும் மோசம். அவற்றுக்குப் பாதை என்பதே கிடையாது. விவசாயி கை காட்டும் வயலுக்குள் இறங்கியாக வேண்டும்.

இப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பட்டன் இருக்கிறது. டிபரன்ஷியல் லாக் என்று அதற்குப் பெயர். சேற்றிலிருந்து வண்டியை வெளியே கொண்டுவருவதற்கென்றே கம்பெனிக்காரர்கள் வைத்தது அது. ஆனால் நடப்பது என்ன? ஒரு சாரார் அதைத் தொடுவதே இல்லை. “தொட்டால் கிரௌன் போய்விடும்” என்று யாரோ பழைய டிரைவர் சொன்னதைக் கேட்டுப் பயந்திருக்கிறார்கள். இன்னொரு சாரார், வண்டி சிக்கி, சக்கரம் பம்பரமாய்ச் சுழன்று குழி பறித்த பிறகு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலேயே பட்டனை அழுத்துகிறார்கள். ‘படார்’ என்று ஒரு சத்தம். கிரௌன் போய்விடுகிறது. பழைய டிரைவர் சொன்னதும் பலித்துவிடுகிறது!

இதில் பட்டன்மேல் குற்றம் இல்லை. டிரைவர்மேல் முழுப் பழியையும் போடுவதும் நியாயம் இல்லை. எப்போது அழுத்துவது, எப்போது எடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததே கிடையாது.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். இரண்டையும் அவற்றின் போக்கில் விடுவதற்காகப் பின்னச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரத் தொகுதிதான் டிபரன்ஷியல். நல்ல ரோட்டில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் சம பலத்தைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதைச் சுழற்ற மிகச் சிறிய பலம் போதும். அந்தச் சிறிய பலம்தான் கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். அதனால்தான் ஒரு சக்கரம் பேய் பிடித்ததுபோல் சுழல, இன்னொன்று அசையாமல் நிற்கிறது. எஞ்சினுக்கு எத்தனை குதிரை சக்தி இருந்து என்ன பயன்?

லாக் போட்டால் இரண்டு சக்கரமும் ஒரே துண்டாக இணைந்துவிடுகின்றன. கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும்.

ரயில் சக்கரங்கள் எப்போதுமே இப்படி இணைந்தவைதான். இரண்டு சக்கரத்தையும் ஒரே அச்சில் இறுக்கியிருப்பார்கள். சக்கரத்தின் ஓடும் பரப்பைச் சற்றுச் சாய்வாகக் கடைந்திருப்பதால், வளைவில் வெளிச் சக்கரம் பெரிய சுற்றளவிலும் உள் சக்கரம் சிறிய சுற்றளவிலும் உருண்டு சமாளித்துக்கொள்கின்றன. அப்படியும் கடுமையான வளைவில் ‘கிரீச்’ என்று சத்தம் எழுவதை ரயிலில் போகிறவர்கள் கேட்டிருப்பார்கள். லாரி டயருக்கு அந்தச் சாய்வு இல்லை. லாக் போட்ட லாரி திரும்பினால் ஏதாவது ஒரு சக்கரம் தரையில் வழுக்கித்தான் ஆக வேண்டும். சேறு வழுக்க விடும். தார் ரோடு விடாது. விடாதபோது அந்த முறுக்கு முழுவதும் ஆக்சில் ஷாப்டிலும் கிரௌன் பல்லிலும் ஏறுகிறது. லாக் போடுவதற்கும் எடுப்பதற்கும் உள்ள விதிகளில் பாதி இதிலிருந்தே புறப்படுகிறது.

முதல் விதி, முன்கூட்டியே போட வேண்டும் என்பது. சேற்றுக்குள் இறங்குவதற்கு முன் வண்டியை நிறுத்தி, இறங்கி, நடந்து பார்க்க வேண்டும். ஒரு குச்சியை ஊன்றிப் பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். ஒரு பக்கம் கெட்டி, மறு பக்கம் சேறு என்று தெரிந்தால் அங்கேயே லாக் போட்டுவிட வேண்டும். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். வண்டி நிற்கட்டும், அல்லது நடை வேகத்தில் ஊரட்டும். கிளட்சை மிதித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திய உடனே விளக்கு எரியாவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. உள்ளே காற்றழுத்தத்தால் நகரும் பல் வளையம் எதிர்ப் பல்லோடு நேராக வந்தால்தான் கோக்கும். வண்டி ஓரடி நகர்ந்ததும் கோத்துக்கொண்டு விளக்கு எரியும். விளக்கு எரிந்த பிறகே பலம் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்ட வண்டியா? சுழலும் சக்கரம் முழுவதும் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். ஒரு சக்கரம் நிற்க, மறு சக்கரம் வேகமாகச் சுழலும்போது லாக் போடுவது, ஓடுகிற மின்விசிறிக்குள் கட்டையைச் செருகுவது போலத்தான். சக்கரம் நின்ற பிறகு லாக் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டால், வர வேண்டிய வண்டி வந்துவிடும்.

பத்துச் சக்கர டிப்பர்களில், பின்னச்சு இரண்டுக்கும் எஞ்சின் பலம் போகிற வகையாக இருந்தால், இரண்டு லாக் இருப்பது உண்டு. ஒன்று, இரண்டு அச்சுகளையும் ஒன்றோடொன்று இணைப்பது. மற்றது, அச்சின் இடது வலது சக்கரங்களை இணைப்பது. முதலில் அச்சுகளுக்கு இடையே உள்ள லாக்கைப் போட வேண்டும். பல நேரங்களில் அதுவே போதும். போதாவிட்டால் மட்டும் சக்கர லாக்.

ஜீப் வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்ஸ் கூர்க்காவில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தனித்தனி லாக் உண்டு. இரண்டையும் டிரைவர்தான் போட வேண்டும். முதலில் பின் லாக். முன் லாக்கைப் போட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். நேராகப் போக வேண்டிய இடத்தில், வேறு வழியில்லாதபோது மட்டுமே அது. மகிந்திரா தார் வண்டிகள் சிலவற்றிலோ பின்னச்சில் தானாகவே விழும் லாக் இருக்கிறது. ஒரு சக்கரம் மறு சக்கரத்தைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று அதிகமாகச் சுழன்றால்தான் அது விழும். தோட்டத்து ஜீப்பில் இதைப் பார்த்துப் பழகியவர்கள், “சக்கரம் சுழன்றால்தானே லாக் விழுகிறது” என்று டிப்பரிலும் அதையே செய்தால் ஆபத்து. அது தானாக விழும்படி கட்டப்பட்டது. இது பல்லோடு பல் கோக்கும் வகை. இரண்டும் வேறு.

லாக் போட்டும் பயனில்லாத இடங்கள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். லாக் தரைக்குப் பிடிப்பைக் கொடுக்காது; இருக்கிற பிடிப்பைப் பயன்படுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். பெங்களூர், கோலார் பக்கத்துச் செம்மண் மேலே வழுக்கினாலும் பெரும்பாலும் அடியில் கெட்டி கிடைக்கும். அங்கே லாக் கைகொடுக்கும். ராய்ச்சூர், கலபுரகி, விஜயபுரப் பக்கத்துக் கரிசலில் கதை வேறு. நனைந்த கரிசல் டயர்ப் பட்டைக்குள் அப்பிக்கொண்டு டயரையே வழவழப்பாக்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிப்பில்லாத நிலத்தில் லாக் போட்டு முறுக்கினால், ஒரு குழிக்குப் பதில் இரண்டு குழி கிடைக்கும். அச்சு தரையைத் தொட்டுவிட்டால் மண்வெட்டியும் பலகையும்தான் வழி. இல்லையென்றால் இழுக்க இன்னொரு வண்டி.

பக்கவாட்டுச் சரிவில் எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறு சக்கரம் தரையைப் பிடித்து வண்டியின் பின்பகுதி நழுவாமல் காக்கும். லாக் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். பின்பகுதி பள்ளத்தை நோக்கிச் சரியும். காபித் தோட்டச் சரிவில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

எடுப்பதிலும் முறை உண்டு. கெட்டித் தரை வந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும். வளைவுக்கு முன்பே எடுக்க வேண்டும். வளைவில் வைத்து அல்ல. பட்டனை விடுவித்தும் விளக்கு அணையவில்லை என்றால் பல் முறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நேராகச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தினால் விட்டுவிடும். விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரோட்டில் ஏற வேண்டும். லாக்கோடு தார் ரோட்டில் ஏறி வேகம் எடுத்த லாரி, வளைவில் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காமல் நேராகப் போகும்.

இதில் அதிகம் பேசப்படாத ஆள் ஒருவர் இருக்கிறார். அவர்தான் கிளீனர். பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பையன். வண்டி சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பதும் அவன்தான். பின்னால் நின்று “வரட்டும், வரட்டும்” என்று குரல் கொடுப்பதும் அவன்தான். லாக் விழுந்ததும் வண்டி திடீரென்று ஒரு குதி குதிக்கும். அடியில் வைத்த கல் குண்டுபோல் பறக்கும். லாக் போடுமுன் அவனைப் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் செய்வது டிரைவரின் கடமை. ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கியிருக்கும்போது லாக் விழுந்திருந்தால் எஞ்சின் பலத்தைக் கொடுக்கவே கூடாது. லாக் இல்லாவிட்டால் தூக்கிய சக்கரம் அந்தரத்தில் சுழலும், அவ்வளவுதான். லாக் இருந்தால் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடிவிடும். அடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அது பார்க்காது.

இவ்வளவையும் டிரைவர் எங்கே கற்றுக்கொள்வது? லைசென்சுக்கு ஓட்டிக் காட்டும்போது சேற்றில் யாரும் ஓட்டச் சொல்வதில்லை. வண்டியோடு வரும் புத்தகம் முதலாளியின் அலமாரியில் இருக்கும், அதுவும் இங்கிலீஷில். லாரி, டாக்சி போன்ற வாகனங்களின் லைசென்சுக்கு எட்டாவது தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019ல் எடுத்துவிட்டார்கள். ஏழைகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று எடுத்தது சரியே. ஆனால் புத்தகம் படிக்க முடியாதவர் கையில் லட்சக்கணக்கில் விலை போகும் வண்டியைக் கொடுத்துவிட்டு, சொல்லித் தருவது யார் பொறுப்பு என்று யாரும் கேட்கவில்லை. அது முதலாளியின் பொறுப்புதான். மழைக்கு முன் அரை நாள், ஏதாவது ஒரு காலி மனையில் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, கம்பெனி மெக்கானிக்கைக் கொண்டு செய்து காட்டச் சொன்னால் எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு ஆக்சில் ஷாப்ட் விலைகூட ஆகாது.

அதைச் செய்யாத முதலாளிமார்களில் சிலர், உடைந்த பிறகு மட்டும் கணக்கில் கறாராக இருக்கிறார்கள். கிரௌன் விலையைத் தவணை போட்டு டிரைவர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். படியிலும் கை வைக்கிறார்கள். ஊருக்கு மணியார்டர் போவது நின்றுவிடுகிறது. வெளி மாநிலத்தில் வந்து பிழைப்பவர் சண்டை போடத் தயங்குகிறார். ஆனால் சட்டம் அப்படிப் பிடிக்கச் சொல்லவில்லை. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதற்கு நிபந்தனை உண்டு. நஷ்டம் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் தம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நஷ்டத் தொகைக்கு மேல் ஒரு காசும் பிடிக்கக்கூடாது. சொல்லியே கொடுக்காத ஒன்றைச் சரியாகச் செய்யவில்லை என்பதைக் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது?

டிரான்ஸ்போர்ட் ஆபீசுகளில் கணக்கு எழுதும் தமிழ்க் குமாஸ்தாக்கள் பலர் உண்டு. அவர்களால் முடிந்த உதவி ஒன்று இருக்கிறது. முதலாளியிடம் கேட்டு அந்தப் புத்தகத்தை வாங்கி, லாக் பற்றிய பக்கத்தை நாலு வரித் தமிழில் எழுதி, அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். எத்தனை வேகத்துக்கு மேல் லாக் கூடாது என்பது வண்டிக்கு வண்டி மாறும்; அந்த எண்ணை மட்டும் பெரிதாக எழுத வேண்டும். படிக்கத் தெரியாத டிரைவருக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினால் போதும்.

டிரைவர்களும் ஒன்று செய்ய வேண்டும். உடைந்த சாமானைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது. லாக் பல்லின் நுனி சிதறியிருந்தால் சுழலும்போது போட்டதன் அடையாளம். ஷாப்ட் முறுக்கிக்கொண்டிருந்தால் கெட்டித் தரையில் லாக்கோடு ஓடியிருக்கலாம். பல் வெகுநாளாகத் தேய்ந்து மழுங்கியிருந்தால் அது பராமரிப்பின் கோளாறு, டிரைவர் தலையில் கட்ட முடியாது. அனுபவமுள்ள மெக்கானிக் பார்த்ததும் சொல்லிவிடுவார். அவர் சொல்வதை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு சம்பளப் பிடித்தம் பற்றி முதலாளியிடம் பேசலாம்.