இறந்த பிறகும் பெயர் அவருடையதே: செய்திகளில் பாலின அடையாளம் குறித்து எங்கள் நிலைப்பாடு



திருநங்கை ஒருவரின் மரணம் குறித்து அண்மையில் ஒரு நாளிதழ் வெளியிட்ட செய்தியும், திருத்தம் போட முடியாது என்று அதன் ஆசிரியர் குழு எடுத்த முடிவும் நீங்கள் அறிந்தவை. நீண்ட விவாதத்துக்குப் பிறகு எங்கள் அமைப்பின் செயற்குழு கீழ்க்கண்ட நிலைப்பாட்டை எடுத்துள்ளது.

முன்கதையை விரிக்கத் தேவையில்லை. தம் பாலினம் எது என்பதைச் சொல்லும் உரிமை அந்தந்த மனிதருக்கே உரியது என்று 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘திருநங்கை’ என்பதற்குப் பதில் ‘மூன்றாம் பாலினத்தவர்’ என்று எழுதச் சொல்லி 2019 டிசம்பரில் வந்த தமிழ்நாடு அரசாணையையும், அதற்குக் கிளம்பிய எதிர்ப்பையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2021இல் தன்பால் இணையர் பாதுகாப்புக் கோரிய சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இச்சமூகத்தினரைக் குறிக்கும் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. எனவே, மரியாதையான சொல் கிடைக்கவில்லை என்று இனி எந்தச் செய்தி அறையும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த நாளிதழ்ச் செய்தியில் வீட்டார் வைத்த பெயர் முதலில் வந்தது. அவர் வாழ்ந்த பெயர் ‘(எ)’ போட்டுப் பின்னால் ஒட்டப்பட்டிருந்தது. தேடப்படும் குற்றவாளிகளின் பட்டப்பெயருக்குக் காவல் நிலையத்தில் போடும் அதே ‘(எ)’. உயிரோடு இருந்தவரை ‘வந்தான், தங்கினான்’. இறந்த பின் ‘ஆண் சடலம்’. கேட்டால், முதல் தகவல் அறிக்கையில் உள்ளபடி போட்டோம் என்கிறார்கள். அறிக்கையில் உள்ள மற்ற விவரங்களை நாலு பேரிடம் விசாரித்துத்தானே எழுதுகிறீர்கள்? அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களிடம் பெயரை மட்டும் ஏன் கேட்கவில்லை? ‘அவர்’ என்றும் ‘வந்தார்’ என்றும் எழுதத் தமிழில் எந்தத் தடையும் இல்லை. அமைச்சருக்கும் நடிகருக்கும் தயங்காமல் வரும் ‘ஆர்’ விகுதி எங்கள் சகோதரிக்கு மட்டும் வராமல் போனது இலக்கணப் பிரச்சினை அல்ல.

இது அச்சோடு முடிவதில்லை என்பதால்தான் இவ்வளவு சொல்கிறோம். பிரேதப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் காத்திருந்த உறுப்பினர்களுக்குத் தெரியும். பல வருடம் எட்டிப் பார்க்காத குடும்பம் வந்து கையெழுத்திட்டு உடலை வாங்கும். வளர்த்த கூந்தலை வெட்டி, வேட்டி கட்டி, பழைய பெயரில் சுவரொட்டி ஒட்டும். அவரோடு வாழ்ந்த குருவும் சேலாக்களும் (சீடர்களும்) தெருமுனையில் நிற்க வேண்டும். மறுநாள் செய்தியும் அதே பெயரைச் சொன்னால், அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு எங்கேதான் சாட்சி?

கலைச்சொற்கள் குறித்து எங்களுக்குள் முழு ஒருமித்த கருத்து இல்லை. ‘மூன்றாம் பாலினம்’ என்ற சொல்லைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை, சிலர் பயன்படுத்துகிறார்கள். மூத்தவர்களில் சிலர் தம்மை ‘அரவாணி’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அது அவர்கள் உரிமை என்றும், பிறர் அதைப் பொதுப்பெயராக்குவது இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டும் என்றும் செயற்குழு கருதுகிறது. திருநம்பிகளும் ஊடுபால் மனிதர்களும் செய்திகளில் விடுபட்டே போகிறார்கள் என்ற விமர்சனத்தை ஏற்கிறோம். 

ஊடகங்களிடம் நாங்கள் கோருவது:

1. ஒருவர் வாழ்ந்த பெயரை மட்டுமே எழுதுங்கள். பழைய பெயர் வேண்டாம், ‘(எ)’யும் வேண்டாம்.

2. அறுவை சிகிச்சை செய்துகொண்டவரா என்று கேட்காதீர்கள், எழுதாதீர்கள்.

3. ‘அவர்’ என்றே எழுதுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இது பொருந்தும்.

4. தவறு நேர்ந்தால் அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள்.

திருநர் மீதான வாய்மொழி வன்கொடுமைக்கும் 2019ஆம் ஆண்டுத் திருநர் (உரிமைகள் பாதுகாப்பு) சட்டத்தின் 18ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. ஊடகங்களோடு வழக்காடுவது எங்கள் விருப்பம் அல்ல, பேசவே விரும்புகிறோம். ஆனால் திருத்தம் வெளியாகும்வரை அந்த நாளிதழுக்குப் பேட்டி அளிப்பதைத் தவிர்க்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். திருநங்கையர் நாள் சிறப்பிதழுக்குப் படம் கேட்டு வந்தாலும் இதே பதிலைச் சொல்லுங்கள்.

– செயற்குழு