கெட்டும் பட்டணம் சேர்?

மே மாதம் பாதி கடந்துவிட்டால் பாச்சலூர் டீக்கடைகளில் பேச்சு மாறிவிடும். காப்பி விலை, மிளகு விலை, நேற்று யார் தோட்டத்தில் யானை இறங்கியது என்பதெல்லாம் பின்னால் போய்விடும். "பேரனை எங்கே சேர்க்கப் போறீங்க?" என்பது முன்னால் வந்து நிற்கும். ஒட்டன்சத்திரமா, பழனியா, திண்டுக்கல்லா, மதுரையா என்று ஒரு பட்டியலே ஓடும். கொஞ்சம் கையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மதுரை என்பார்கள். "கெட்டும் பட்டணம் சேர்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று ஒருவர் முடித்து வைப்பார்.

பெரியவர்கள் சும்மா சொல்லவில்லைதான். ஆனால் எந்த வயதில் சேர வேண்டும், யாரோடு சேர வேண்டும், சேர்ந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் நம்மிடமே விட்டுவிட்டார்கள். அஞ்சல் துறையில் இருந்தபோது பதினோரு ஆண்டுகள் மதுரையில் குடும்பத்தோடு இருந்தவன் நான். இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். ஓய்வுக்குப் பிறகு மலைக்கே வந்துவிட்டேன். அந்த அனுபவத்தில் இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு வேடிக்கையான வரலாறு. 1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலும் நோயும் தாங்காமல் நம் பழனி மலையில் ஏறி, கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1901-ல் தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளியும் தொடங்கினார்கள். ஹைகிளர்க் பள்ளி என்று அப்போது பெயர். இன்று அதுதான் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. ஆக, மதுரையில் இருந்தவர்கள் பிள்ளைகளின் படிப்புக்காக மலை ஏறினார்கள். மலையில் இருக்கும் நாம் பிள்ளைகளின் படிப்புக்காக மதுரைக்கு இறங்குகிறோம். கொடைக்கானலில் அவ்வளவு பெரிய பள்ளி இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அதன் கட்டணத்துக்கு நம் தோட்டத்தையே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இறங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரையான பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. சமவெளியில் மூன்று கிலோமீட்டர் என்றால் சைக்கிளில் பத்து, பதினைந்து நிமிடம். இங்கே அது ஒரு ஏற்றம், ஒரு ஓடை, நடுவில் காட்டுமாடு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்றைக்குப் பள்ளியே இல்லை. சமவெளி ஆசிரியர்களுக்கும் மலைப்பணி எளிதாக இருப்பதில்லை. தவிர, 2021 டிசம்பருக்குப் பிறகு நம்மூர்த் தாய்மார்களின் மனதில் வந்து உட்கார்ந்த அச்சத்தைப் பற்றி நான் இங்கே விளக்க வேண்டியதில்லை. அந்த அச்சத்தோடு மூட்டை கட்டுகிறவர்களைப் பார்த்து "ஊரை விட்டு ஓடுகிறார்கள்" என்று பேசுவது நியாயமே இல்லை.

என் வாதம் போவதைப் பற்றியது இல்லை. அவசரப்படுவதைப் பற்றியது.

மூன்றரை வயதுக் குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்ப்பதற்காக ஒரு குடும்பமே மதுரைக்குப் போவதை இப்போது பார்க்கிறேன். இதற்கு என்னால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு வேண்டியது எழுத்து, எண், கதை, விளையாட்டு, வேளைக்குச் சோறு, பக்கத்தில் பெற்றவர்கள். இதில் எதுவும் மதுரையில்தான் கிடைக்கும் என்பதில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. அடுத்த ஆகஸ்டிலேயே அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஐந்து வயதில் ஆயா வீடு, தாத்தாவின் தோட்டம், மாடு, காப்பிப் பூ வாசனை எல்லாவற்றையும் இழந்துவிட்டு, நகரத்து மாடி வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை என்ன கூடுதலாகக் கற்றுக்கொள்ளும்? ஆறாம் வகுப்புக்குப் போகலாம். ஒன்பதாம் வகுப்புக்குப் போனாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அடுத்தது கணக்கு. இதைப் பல பெற்றோர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் போடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பிலேயே போட வேண்டிய கணக்கு இது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. பொதுவான நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் பெயர்பெற்ற உதவி பெறும் பள்ளியில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்துவிட்டு, பிறகு கை பிசைந்தவர்கள் உண்டு. 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதுதான் அடிப்படை. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களைப் பிறகுதான் சேர்த்தார்கள். பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் வந்தது.

இன்னொன்று, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை. 2010-ல் வந்த இந்தச் சட்டத்தை 2020-ல் திருத்தியபோது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே ஐந்து வருடம் தமிழில் படித்த பிள்ளையை அங்கே ஆங்கில வழியில் சேர்த்தால், அந்த ஐந்து வருடமும் இந்தக் கணக்கில் வராது. ஆங்கில வழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை வாங்குகிறோம், அதற்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம், பள்ளி விஷயத்தில் மட்டும் ஃப்ளெக்ஸ் போர்டைப் பார்த்து முடிவு செய்கிறோமே!

சரி, பள்ளியை எப்படித்தான் பார்ப்பது? என் வழி எளிது. சேர்க்கை நேரத்தில் போகாதீர்கள். அப்போது எல்லாப் பள்ளியும் வெள்ளை அடித்துத்தான் இருக்கும். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரு நாள் மாலை நாலு மணிக்கு வாசலில் போய் நில்லுங்கள். வெளியே வரும் பிள்ளைகள் பேசிச் சிரித்துக்கொண்டு வருகிறார்களா, தலை தொங்க வருகிறார்களா என்று பாருங்கள். கழிப்பறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெண் குழந்தை என்றால் இது கட்டாயம். கணக்கு வாத்தியார் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேளுங்கள். வருடத்துக்கு மூன்று பேர் மாறுகிற பள்ளியில் கட்டிடம் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயன் இல்லை. முதல் மதிப்பெண் வாங்கியவரின் படத்தை எல்லாப் பள்ளியும் காட்டும். கடைசி பத்துப் பேருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மலையிலிருந்து போகிற பிள்ளை முதல் வருடம் அந்தப் பத்தில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பள்ளி முடிவான பிறகு வீடு பாருங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாடகை குறைவு என்று ஊருக்கு வெளியே வீட்டைப் பிடித்துவிட்டு, காலை ஆறரைக்குப் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை குறைவான வீடு, அதைவிட ஆயிரம் மடங்கு மேல். நம்மவர்களுக்கு ஆரப்பாளையம், விளாங்குடிப் பக்கம் வசதி. திண்டுக்கல், பழனி பஸ் அங்கிருந்துதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். மலை ஊற்று குடித்து வளர்ந்த பிள்ளைக்கு உப்புத் தண்ணீரும் மதுரை வெயிலும் சேர்ந்தால் முதல் கோடையில் உடம்பு வாடிவிடும்.

யார் போவது என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி. பொதுவாக அம்மாவும் பிள்ளைகளும் மதுரையில், அப்பா தோட்டத்தில் என்று முடிவாகிறது. நவம்பரில் காப்பிப் பழம் எடுக்க ஆரம்பித்தால் ஜனவரி வரை, அதன் பிறகு மிளகு. அப்பா எப்படி இறங்குவார்? பத்து வருடம் இப்படியே ஓடினால் அந்த வீட்டில் படிப்பு இருக்கும், குடும்பம் இருக்காது. வாரம் ஒரு முறை வந்து மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற விருந்தாளியாக அப்பா ஆகிவிடுவார். இரண்டு பேரும் போக முடியாது என்றால், ஒன்பதாம் வகுப்பு வரை பொறுத்திருந்து விடுதியில் சேர்ப்பது மேல் என்பது என் கருத்து. அரசு நல விடுதிகளில் இடமும் சாப்பாடும் இலவசம். அங்கேயும் மேலே சொன்ன மாதிரி நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இவ்வளவும் செய்து மதுரைக்குப் போன பிறகும் பலர் மதுரையில் குடியேறுவதில்லை. ஒரு வாடகை வீட்டிலும் ஒரு டியூஷன் சென்டரிலும் குடியேறுகிறார்கள். எவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் அந்த ஊர்! கோட்டைச் சுவரைக் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்ததால் உண்டானவை வெளி வீதிகள். அந்த வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரும் மாரட்டின் பெயரும் இன்றும் தெருக்களாக இருக்கின்றன. சேதுபதி பள்ளியில் 1904-ல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். மேல மாசி வீதியில்தான் 1921-ல் காந்தி அரையாடைக்கு மாறினார். 1939-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். மங்கம்மாளின் அரண்மனை காந்தி அருங்காட்சியகமாக இருக்கிறது. கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவு. ஒரு பஸ் பிடித்தால் கீழடி. எதற்கும் பெரிய செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு போதும். இவ்வளவு தூரம் தள்ளிப் போய் இரண்டு வருடமாகியும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காத பிள்ளை, மதுரையில் படித்தது என்று சொல்ல முடியுமா?

அதே பிள்ளை மலையையும் மறக்கக் கூடாது. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. அதுதான் நமக்குப் பழம் எடுக்கும் காலம். டியூஷனை நிறுத்திவிட்டு மேலே அனுப்புங்கள். கூடையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் நிற்கட்டும். தன் பள்ளிக் கட்டணம் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று தெரிந்தால், படிப்பின் மேல் மரியாதை தானாக வரும்.

கடைசியாக, இங்கேயே இருக்கிறவர்களைப் பற்றி. போக முடிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டால், மேலே மிஞ்சுவது கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் பளியர் குடிப் பிள்ளைகளும்தான். கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் இல்லாத பள்ளி மெல்ல மெல்லத் தேயும். சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பேர் பெண்கள். அது கையெழுத்துக்கு மட்டும் கூடும் குழுவாக இருக்கிறதா, வாத்தியார் வராவிட்டால் கேட்கும் குழுவாக இருக்கிறதா என்பது நம் கையில் இருக்கிறது. குழுவில் இடம் இல்லாவிட்டாலும் நம் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு வேலை உண்டு. காலை வண்டியில் வாத்தியார் இறங்கினாரா என்று பார்ப்பது, தனியாக வரும் பெண் குழந்தைகளோடு மாலையில் நாலடி கூட நடப்பது, வாரம் இரண்டு நாள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது. இதற்கு யாரிடமும் மனு கொடுக்க வேண்டியதில்லை, தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆகவே தாத்தா பாட்டிகளே, மகனும் மருமகளும் மதுரைக்குப் போகிறோம் என்று வந்து நின்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள், "நாலு பேர் போறாங்களே, நீ ஏன் போகல?" என்று முடுக்கவும் செய்யாதீர்கள். பேரனுக்கு என்ன வயது, எந்தப் பள்ளி, எந்த வழி, வீட்டுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம், அப்பா எங்கே இருப்பார் என்று ஐந்து கேள்வி மட்டும் கேளுங்கள். ஐந்துக்கும் பதில் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஜூன் வரை பொறுக்கச் சொல்லுங்கள். மதுரை எங்கேயும் ஓடிவிடாது.